புதினமும் அருஞ்சொல்லும்: ஆங்கிலச் சொற்பேற்றில் கதைவாசிப்பின் இடம்

ஆங்கிலச் சொல்வளம் பெருக வேண்டுமாயின் புதினங்களைப் படிக்க வேண்டும் என்பது, இந்தியக் கல்லூரிகளில் ஆசிரியர் மாணவர்க்கு வழங்கிவரும் பழைய அறிவுரைகளுள் ஒன்று. சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதை இகழ்ந்தும் கதைவாசிப்பைப் புகழ்ந்தும் கூறப்படும் இவ்வறிவுரை, பெரும்பாலும் சான்று கேட்கப்படாமலே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. கதையில் ஆழ்ந்த வாசகர் தம்மை அறியாமலே சொற்களைப் பெறுகிறார் என்பது இதன் அடிப்படை. அறிவுரையைப் பின்பற்றியும் சொல் சேரவில்லை என்று ஒரு மாணவர் கூறினால், குறை அவருடைய வாசிப்பில் தேடப்படுகிறதே அன்றி அறிவுரையில் தேடப்படுவதில்லை. வீட்டில் ஆங்கிலம் புழங்காத, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்க்கு இது சிறிய செய்தி அன்று. தம் அறிவின் மீதே அவர் ஐயம் கொள்ள இது காரணமாகிறது.

இவ்வறிவுரைக்கு ஆதரவாகக் காட்டப்படும் ஆய்வுகள் சிலவற்றையும், அவ்வாய்வுகளுக்குக் கருவியாகப் பயன்பட்ட புதினங்களையும் ஒருசேர வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுகளை மொழிக்கல்வியாளர் படிக்கின்றனர். புதினங்களைத் திறனாய்வாளர் படிக்கின்றனர். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்போர் குறைவு.

அருஞ்சொல் என்பது எது என்று முதலில் வரையறுத்துக்கொள்வது நலம். உரிச்சொற்களை விளக்கும் முறையைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர், வழக்கில் பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்திப் பொருள் உணர்த்த வேண்டும் என்றும், வெளிப்படையாக விளங்கும் சொல்லுக்கு விளக்கம் வேண்டா என்றும் உரியியலில் வகுக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் சொற்கணக்கீட்டாளர் நிகழ்வெண் கொண்டு செய்த பாகுபாடும் இதற்கு அயலானது அன்று. பயின்ற சொல், பயிலாத சொல் என்னும் இவ்விரு தொடர்களும் இக்கட்டுரையில் அப்பொருளிலேயே ஆளப்படுகின்றன.

பர்ஜெசும் நாட்சாட்டும்

புதினம் சொல் கற்பிக்கும் என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, சராகி, நேஷன், மைஸ்டர் ஆகிய மூவரும் 1978இல் வெளியிட்டது. அந்தோனி பர்ஜெஸ் 1962இல் எழுதிய 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' என்னும் புதினத்தை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குக் கொடுத்துப் படிக்கச் செய்து, அதில் வரும் நாட்சாட் சொற்கள் 90ஐ அவர்கள் எந்த அளவு அறிந்துகொண்டனர் என்று அவர்கள் சோதித்தனர். நாட்சாட் என்பது அப்புதினத்தின் இளைஞர் கூட்டம் பேசும் கொச்சை. பெரும்பாலும் ரஷ்ய வேர்களைக் கொண்டு பர்ஜெஸ் ஆக்கியது. வாசகர்கள் சராசரியாக முக்கால் பங்குச் சொற்களின் பொருளை இனங்கண்டனர். சொற்சோதனை வரப்போகிறது என்று அவர்களுக்கு முன்கூட்டியே கூறப்படவில்லை. ஒரு புதினம், பட்டியல் இல்லாமல், ஆசிரியர் இல்லாமல், அத்தனை சொற்களைக் கற்பித்துவிட்டது.

பர்ஜெசின் கருத்தும் அதுவே. 1950களில் மலாயாவில் ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர்; ஒருவர் புதிய மொழியை எவ்வாறு பற்றிக்கொள்கிறார் என்பதை வகுப்பறையில் கண்டவர். மூளைச்சலவையைப் பற்றிய கதை வாசகரையும் அவ்வாறே ஆட்கொண்டு சிறிதளவு ரஷ்ய மொழியை ஏற்றிவிட வேண்டும் என்று தாம் எண்ணியதாகப் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். எனவே நூலின் இறுதியில் அருஞ்சொற்பட்டியல் சேர்ப்பதை அவர் விரும்பவில்லை. அமெரிக்கப் பதிப்பில் பிறர் தொகுத்த பட்டியல் ஒன்று சேர்க்கப்பட்டபோது, நூலாசிரியர் வகுத்த கல்விமுறை அங்கேயே குலைந்தது எனலாம்.

எனினும் இவ்வாய்வைக் கொண்டு ஆங்கிலம் கற்கும் இந்திய மாணவர்க்கு அறிவுரை கூறுவதற்குமுன் மூன்று தடைகளைக் கருத வேண்டும்.

அந்த வாசகர்களுக்கு நாட்சாட் தவிர நூலின் ஏனைய சொற்கள் எல்லாம் தெரிந்தவை. வெள்ளைத் துணியில் கறுப்புப் புள்ளிபோல அறியாத சொல் தனித்துத் தெரிந்தது. ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்பவர்க்கோ துணி முழுதும் புள்ளி. 'வெக்' என்பது பர்ஜெஸ் படைத்த சொல்லா, தாம் கல்லாமல் விட்ட ஆங்கிலச் சொல்லா என்பதே அவர்க்கு விளங்காது. பிட்ஸ், வைட், கிராஷென் ஆகியோர் 1989இல் இதே புதினத்தின் முதல் இரண்டு இயல்களை ஆங்கிலம் கற்கும் பிறமொழியாளர்க்குக் கொடுத்துச் சோதித்தபோது கிடைத்த ஆதாயம் மிகச் சிறியதாக இருந்ததில் வியப்பில்லை. அடுத்து, நாட்சாட் சொற்கள் திரும்பத் திரும்ப வருபவை. ஆறு முறைக்குக் குறைவாக வந்த சொற்கள் அந்த முதல் ஆய்விலேயே பின்தங்கின.

மூன்றாவது தடையே திறனாய்வு நோக்கில் முதன்மையானது. 'ட்ரூக்' என்றால் நண்பன். 'மொலோகோ' என்றால் பால். 'ரூக்கர்' என்றால் கை. 'கலிவர்' என்றால் தலை. நண்பனும் பாலும் கையும் தலையும் வாசகர் ஏற்கெனவே அறிந்த பொருள்கள். அவர் கற்றது பழம்பொருளுக்குப் புதுப்பெயர். ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்கள் அவ்வாறு அமையவில்லை. அவற்றுள் பல, கற்பவர் தம் மொழியில் வேறாகப் பகுத்து வைத்திருக்கும் உணர்வுகளையும் நடத்தைகளையும் சமூகப் படிநிலைகளையும் குறிப்பவை. பெயரைக் கற்பதும் பொருட்பாகுபாட்டைக் கற்பதும் ஒன்றாகா.

பயிலாத சொல்லின் கணக்கு

பால் நேஷன் 2006இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, ஆங்கிலப் புதினம் ஒன்றில் நூற்றுக்கு 98 சொற்களை அறிந்து படிக்க 8,000 முதல் 9,000 வரையிலான சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். 4,000 குடும்பங்கள் தெரிந்தவர்க்கு ஏறத்தாழ 95 விழுக்காடு விளங்கும். இவ்விரு எண்களுக்கும் இடையிலான வேறுபாடு கேட்கச் சிறியது. ஆனால் 300 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தில் முன்னவர்க்கு அறியாதவை ஆறு, பின்னவர்க்குப் பதினைந்து. ஆறு அறியாச் சொற்களோடு கதையைத் தொடரலாம். பதினைந்தாயின் கதை நின்றுவிடுகிறது. எஞ்சுவது அகராதி வேலை.

பயிலாத சொல் பயிலாமலே போவது எந்த நூலுக்கும் இயல்பு. ஒரு நூலில் ஆளப்படும் வெவ்வேறு சொற்களுள் ஏறத்தாழப் பாதி ஒரே ஒருமுறை வருபவை. எந்தச் சொல்லை மாணவர் கற்க விரும்புகிறாரோ அச்சொல்தான் மீண்டும் வராத சொல். வாரிங், தக்காக்கி ஆகிய இருவரும் 2003இல் ஜப்பானிய மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வு இதை உறுதிப்படுத்துகிறது. எளிமையாக்கப்பட்ட 'எ லிட்டில் பிரின்சஸ்' கதையில் பொதிந்து வைக்கப்பட்ட 25 சொற்களுள், மூன்று மாதம் கழிந்தபின் சராசரியாக ஒன்றன் பொருளே நினைவில் எஞ்சியது. எட்டு முறைக்குக் குறைவாக எதிர்ப்பட்ட சொல் ஒன்றன் பொருளும் எஞ்சவில்லை.

இச்சிக்கலை வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் வெகுகாலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தார். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த அவர், வங்காளத்தின் இருமொழியம் குறித்த தம் நூலை 1926இல் வெளியிட்டார். பள்ளி வாசகங்களில் புதுச்சொற்கள் மிகுதியாகவும், அவை மீண்டும் வருதல் குறைவாகவும் இருப்பதே மாணவர் தடுமாற்றத்திற்குக் காரணம் என்று கண்டு, சொல்லளவு கட்டுப்படுத்தப்பட்ட வாசகங்களை ஆக்கினார். உலகெங்கும் இன்று விற்பனையாகும் எளிமைப்படுத்திய ஆங்கிலக் கதைநூல்களின் வரலாற்றில் இந்திய வகுப்பறைக்கு இத்தகைய இடம் உண்டு என்பது இந்தியாவிலேயே அதிகம் பேசப்படாத செய்தி.

வெஸ்ட் பயின்ற சொல்லைப் பெருக்கினார். பயிலாத சொல்லைப் பெருக்கிக் கதை எழுதும் எதிர்முயற்சியும் நடந்தது. அமெரிக்காவில் சார்லஸ் ஹாரிங்டன் எல்ஸ்டரும் ஜோசப் எலியட்டும் 1994இல் வெளியிட்ட 'டூத் அண்ட் நெயில்' கல்லூரிச் சூழலில் அமைந்த மர்மக்கதை, எஸ்.ஏ.டி. தேர்வுக்குரிய அருஞ்சொற்கள் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டு, பொருள் நூலின் இறுதியில் தரப்பட்டது. முயற்சி சுவையானதே. ஆயினும் ஒரு பாத்திரம் ஒரு சொல்லைப் பேசுவது அவருடைய உள்ளத் தேவையாலா, தேர்வுத் தேவையாலா என்ற ஐயம் இத்தகைய நூலின் எந்தப் பக்கத்திலும் வாசகரை விட்டு நீங்காது. அத்தேர்வும் 2016இல் அருஞ்சொல் நிரப்பும் வினாக்களைக் கைவிட்டது. வெளிநாட்டு மேற்படிப்பை நாடிய இந்திய மாணவர்கள் ஒரு தலைமுறைக்கு மேலாக மனப்பாடம் செய்துவந்த பேரன்ஸ் நூலின் 3,500 சொற்பட்டியலுக்கும் ஏறக்குறைய இதே கதி. ஜி.ஆர்.ஈ. தேர்வில் எதிர்ச்சொல் வினாக்கள் 2011இல் நீக்கப்பட்டன. பட்டியலை நம்பிய அம்மாணவர்களை எள்ளி நகையாடுவது எளிது. வீட்டில் ஆங்கிலப் புதினங்கள் இல்லாத அவர்களுக்குப் பட்டியலாவது கைக்கெட்டும் விலையில் கிடைத்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

புதினம் உண்மையில் கற்பிப்பது

இவ்வளவும் கூறியபின், புதினம் சொல் கற்பிப்பதில்லை என்று முடித்துவிடுவது பிழை. அது கற்பிக்கிறது, எண்ணிக்கையில் அன்று.

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' (1813) புதினத்தில் பாதிரியார் காலின்ஸ், தம் புரவலரான லேடி கேத்தரினைக் குறித்துப் பேசும்போதெல்லாம் 'கான்டிசென்ஷன்' என்னும் சொல்லால் வியக்கிறார். மேல்நிலையில் உள்ளோர் தம் நிலையினின்று இறங்கிவந்து கீழோரிடம் பரிவு காட்டுதல் என்பது அக்காலப் பொருள், அது பாராட்டு. இக்கால ஆங்கிலத்தில் அச்சொல் பிறரைத் தாழ்வாக எண்ணி நடத்தும் போலிப் பரிவைக் குறிக்கும் இகழ்ச்சி. இதனைச் சொற்பொருள் மாற்றம் என்று கூறி அகராதி நிறுத்திக்கொள்ளும். புதினமோ அம்மாற்றம் எவ்வாறு நிகழக்கூடும் என்பதையே காட்டிவிடுகிறது. காலின்ஸ் பாராட்டாகவே பேசுகிறார். லேடி கேத்தரின் நடந்துகொள்ளும் முறையை வாசகர் கண்ணால் காண்கிறார். காலின்சின் வாயில் புகழாக இருக்கும்போதே வாசகர் செவியில் அச்சொல் இகழாகி விடுகிறது. பொருளை மட்டும் பொறுக்கிச் செல்லும் மாணவர், காலின்சை நம்பித் தம் பேராசிரியரை இச்சொல்லால் பாராட்டி எழுதினால் விளைவு நகைப்புக்கு இடமாகும். கதையைப் படித்தவர் அத்தவற்றைச் செய்யார்.

'எம்மா' புதினத்தில் நைட்லி, 'ஏமியபிள்' என்னும் சொல் பிரெஞ்சு மொழியில் ஒருவர்க்குப் பொருந்தினும் ஆங்கிலத்தில் பொருந்தாது என்று வாதிடுவதும் இத்தகையதே. இனிய பழக்கம் வேறு, பிறர் உணர்வை மதிக்கும் உள்ளம் வேறு என்பது அவர் காட்டும் வேறுபாடு. சொல்லாராய்ச்சி போலத் தோன்றும் இப்பேச்சுக்கு அடியில் பொறாமை இருக்கிறது என்பதைக் கதை பின்னர்த் தெரிவிக்கிறது.

சினுவா ஆச்சிபி 1958இல் எழுதிய 'திங்ஸ் ஃபால் அபார்ட்' இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' எனத் தமிழ் வாசகர்க்கு அறிமுகமான இப்புதினத்தின் இபோ சொற்களைக் கொண்டு பெலிசர்-சாஞ்செஸ், ஷ்மிட் ஆகியோர் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். பத்து முறைக்கு மேல் வந்த சொற்களுள் 84 விழுக்காட்டின் பொருளை ஸ்பானிய மாணவர்களால் இனங்காண முடிந்தது. தாமாகவே பொருளை நினைவுகூர முடிந்தது 55 விழுக்காட்டில். எளிமையாக்கப்படாத முழுப் புதினத்தை வைத்துச் செய்யப்பட்டதால் இவ்வாய்வுக்கு மதிப்பு மிகுதி. இங்கும் சோதிக்கப்பட்டவை ஆங்கிலச் சொற்கள் அல்ல என்பது உண்மையே.

ஆனால் அச்சொற்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு புதினத்தைப் படித்தால், விழுக்காடு காட்டாத ஒன்று வெளிப்படுகிறது. 'அக்பாலா' என்பது பெண்ணைக் குறிக்கும் சொல். பட்டம் எதுவும் பெறாத ஆணையும் அது குறிக்கும். இவ்விரண்டாம் பொருளை ஒக்கோன்குவோ எவ்வாறு கற்றான்? சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் தோழன் ஒருவன் அவன் தந்தையை அக்பாலா என்றான். அப்போதுதான் அச்சொல்லுக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டென்று அவனுக்குத் தெரிந்தது. சூழல் வழியே சொற்பொருள் கற்றல் என்று ஆய்வாளர் கூறுவது இதுவே. கற்றவனுக்கு நேர்ந்தது வாழ்நாள் முழுதும் ஆறாத காயம். தந்தை விரும்பிய மென்மை, ஓய்வு எல்லாவற்றையும் அவன் வெறுக்கிறான். அந்த வெறுப்பே இறுதியில் அவனை அழிக்கிறது. அதே சொல் அவ்வூர் அஞ்சி வணங்கும் தெய்வ வாக்குக்கும் பெயர். நள்ளிரவில் அதன் பூசாரிப் பெண் வந்து மகளை எடுத்துச் செல்லும்போது ஒக்கோன்குவோவால் தடுக்க இயலவில்லை. இகழ்ந்த சொல்லும் பணிந்த சொல்லும் ஒன்றே என்பதை ஆச்சிபி எங்கும் எடுத்துரைப்பதில்லை. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாத்தாளில் இதற்கு இடம் இல்லை. சில பதிப்புகளின் இறுதியில் உள்ள அருஞ்சொற்பட்டியலை முதலில் புரட்டும் மாணவர்க்கும் இது கிட்டாது.

எலிசபெத்-ஜேன் கற்ற சொற்கள்

ஹோர்ஸ்ட், காப், மியாரா ஆகிய மூவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, ஓமான் நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் 34 பேரைக் கொண்டு செய்யப்பட்டது. தாமஸ் ஹார்டியின் 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' (1886) புதினத்தின் எளிமையாக்கப்பட்ட வடிவம் வகுப்பில் உரக்கப் படிக்கப்பட, மாணவர் நூலைப் பார்த்துத் தொடர்ந்தனர். ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட மூலம் அவ்வடிவத்தில் ஏறத்தாழ 21,000 சொற்களாகச் சுருங்கியிருந்தது. சோதிக்கப்பட்ட 45 சொற்களுள் மாணவர் புதிதாகப் பெற்றவை சராசரியாக ஐந்து. ஆய்வாளர்கள் நேர்மையாகவே இதனைக் குறைவு என்று ஏற்றுக்கொண்டனர்.

இந்த ஆய்வுக்கு இந்தப் புதினம் வாய்த்தது ஒரு தற்செயல். ஆயினும் ஆங்கிலப் புதினங்களுள் சொல் கற்கும் துன்பத்தை இத்துணை நுட்பமாகக் கூறியது வேறொன்றைக் காண்பது அரிது. இருபதாம் இயலில், மேயர் ஹென்சார்டின் மகளாக அவர் வீட்டில் வாழும் எலிசபெத்-ஜேன், இருந்த இடத்தில் இருங்கள் என்னும் பொருளில் நாட்டுப்புற ஆங்கிலத்தில் இயல்பாக ஒரு சொல் கூறிவிடுகிறாள். பன்றிக்குக் கழுநீர் சுமக்கத்தான் நீ தகுதியா என்று ஹென்சார்டு சீறுகிறார். வைக்கோல் கட்டும் தொழிலாளியாக இருந்து மேயரானவர் அவர். அவர் சீறும் மொழியிலும் நாட்டுப்புற வாடை இருக்கிறது.

அவள் திருந்துகிறாள். 'ஃபே' என்பதை விட்டு 'சக்சீட்' என்கிறாள். 'டம்பிள்டோர்' என்ற வண்டு 'ஹம்பிள் பீ' ஆகிறது. 'கிரெகிள்ஸ்' என்ற பூக்கள் 'ஒயில்ட் ஹையசிந்த்' ஆகின்றன. இரவில் உறக்கம் கெட்டால் சூனியக்காரி அமுக்கினாள் என்று பொருள்படும் 'ஹேக்-ரிட்' என்னும் சொல்லை விட்டு, அஜீரணம் என்று பணியாட்களிடம் கூறக் கற்றுக்கொள்கிறாள். (இவற்றுள் முதல் வண்டின் பெயர், ரௌலிங் தம் மந்திரவாதித் தலைமையாசிரியர்க்குச் சூட்டியதால் உலகப் புகழ் பெற்றுவிட்டது, இன்று பயிலாதது 'ஹம்பிள் பீ'தான்.)

இப்பத்தி ஒருவகையில் அருஞ்சொற்பட்டியலே. இடப்பக்கம் ஊர்ச்சொல், வலப்பக்கம் நகர்ச்சொல். பயிலாததைப் பயின்றதோடு சார்த்தும் பழைய முறையை ஹார்டி கதைக்குள்ளேயே செய்துவிடுகிறார். எது பயின்றது, எது பயிலாதது என்பது மட்டும் தலைகீழாகிறது. எலிசபெத்-ஜேனுக்குப் பயின்றவை 'ஃபே'யும் 'கிரெகிள்'ஸும். நூலைக் காசு கொடுத்து வாங்கிய வாசகர்க்கு அவை பயிலாதவை. வாசகர் பெறும் ஒவ்வொரு சொல்லும் அவள் இழந்த சொல். வீட்டுச் சொல்லை வாசலில் விட்டுவிட்டு ஆங்கில வகுப்புக்குள் நுழைந்த இந்திய மாணவர் ஒருவர் இப்பத்தியைப் படிக்க நேர்ந்தால், அகராதி தேவைப்படும் சொற்கள் இதில் பல இருந்தும், வேறெப்பக்கத்தைவிடவும் இதனை நன்கு விளங்கிக்கொள்வார். நூற்றுக்கு 98 என்னும் கணக்குக்கு இது ஒரு விலக்கு.

எலிசபெத்-ஜேன் இவற்றோடு நில்லாமல் நூல்களைத் தேடிப் படிக்கிறாள், இலத்தீனும் கற்கிறாள். நம் ஆசிரியர்கள் கூறும் அறிவுரையை அவளைப்போல் முழுமையாகப் பின்பற்றியவர் இல்லை. ஆயினும் ஹென்சார்டின் சினம் தணியவில்லை. இறந்த மனைவி விட்டுச்சென்ற கடிதத்திலிருந்து, அவள் தம் மகள் அல்லள், மாலுமி நியூசனின் மகள் என்பது முந்திய இயலிலேயே அவர்க்குத் தெரிந்துவிட்டிருந்தது. வாசகர்க்கும் அது தெரியும். எலிசபெத்-ஜேனுக்குத் தெரியாது, பிழை தன் சொற்களில்தான் என்று எண்ணி அவள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்.